உங்கள் பொருளியல் வகுப்பை நீங்களே ஆய்வு செய்ய: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கல்லூரியில் பொருளியல் நடத்துகிற பலருக்கும் ஒரு கட்டத்தில் இந்த ஆசை வரும். போன வருஷம் கரும்பலகையில் வளைகோடு வரைந்து நடத்தினோம், இந்த வருஷம் வகுப்பையே வாங்குபவர் விற்பவர் என்று பிரித்து ஒரு சந்தை விளையாட்டு வைத்தோம், செமஸ்டர் ரிசல்ட் வந்தது, தேர்ச்சி கூடியிருக்கிறது, இதை ஒரு ஆய்வுக் கட்டுரையாக எழுதினால் என்ன என்று. தாராளமாக எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் மதிப்பெண் ஏறியிருக்கிறது என்பது ஒரு செய்தி, நாம் நடத்திய முறையால் ஏறியிருக்கிறது என்பது முற்றிலும் வேறு செய்தி. முதலாவதைச் சொல்ல மதிப்பெண் பட்டியல் போதும். இரண்டாவதைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த விளையாட்டு இல்லாமல் நடத்தியிருந்தால் இதே மாணவர்கள் எவ்வளவு வாங்கியிருப்பார்கள் என்பதற்கு ஒரு ஆதாரம் கையில் இருக்க வேண்டும். கீழே நான் சொல்லப்போவதெல்லாம் அந்த ஆதாரத்தை எப்படித் தேடிக்கொள்வது என்பதைப் பற்றித்தான்.

உதவிப் பேராசிரியராகப் புதிதாகச் சேர்ந்தவர்கள், முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடுபவர்கள், பல வருஷம் நடத்தியும் ஆய்வு என்று இந்தப் பக்கம் வராதவர்கள், எல்லோரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். உதாரணங்களில் நிறைய அமெரிக்காவிலிருந்து வரும், ஏனென்றால் இந்தத் துறை பெரும்பாலும் அங்கேதான் வளர்ந்தது. நம் ஊர்க் கல்லூரி நடைமுறையோடு அது முட்டுகிற இடங்களில் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதலில் படிக்க வேண்டியது

பொருளியல் கற்பித்தலுக்கென்றே 'ஜர்னல் ஆஃப் எகனாமிக் எஜுகேஷன்' என்ற இதழ் 1969-லிருந்து வருகிறது. பழைய இதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்ட ஆரம்பித்தால் கரையேற முடியாது. அதற்குப் பதிலாக 'ஜர்னல் ஆஃப் எகனாமிக் லிட்டரேச்சர்' இதழில் வந்த மூன்று தொகுப்புக் கட்டுரைகளைப் பிடியுங்கள்: 1979-ல் சீக்ஃப்ரீடும் ஃபெல்ஸும் எழுதியது, 1997-ல் வில்லியம் பெக்கர் எழுதியது, 2015-ல் ஆல்குட், வால்ஸ்டாட், சீக்ஃப்ரீட் மூவரும் சேர்ந்து எழுதியது. கடைசியில் வந்ததை முதலில் படியுங்கள், அப்புறம் பின்னோக்கிப் போங்கள். அப்படிப் போனால் எந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் கிடைத்துவிட்டது, எது இத்தனை வருஷம் கழித்தும் அப்படியே நிற்கிறது என்பது தானாகப் பிடிபடும்.

படிக்கும்போது முடிவை மட்டும் குறித்துக்கொண்டு போகாதீர்கள். யாரை யாரோடு ஒப்பிட்டார்கள், எதை வைத்து அளந்தார்கள், எத்தனை பேர், நடுவில் எத்தனை பேர் காணாமல் போனார்கள் என்று ஒவ்வொரு ஆய்வுக்கும் நான்கு வரி எழுதி வையுங்கள். நாளைக்கு உங்கள் கட்டுரையைப் பார்ப்பவர்களும் இந்த நான்கைத்தான் கேட்பார்கள்.

கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"புதுமையான கற்பித்தல் முறைகள் மாணவர்களின் கல்வி அடைவில் ஏற்படுத்தும் தாக்கம்" என்பது தலைப்பாக இருக்கலாம், கேள்வியாக இருக்க முடியாது. எந்த முறை, எந்தப் பாடம், எந்த மாணவர்கள், எதோடு ஒப்பிட்டு, எப்போது அளந்து என்ற ஐந்துக்கும் ஒரே வாக்கியத்தில் பதில் வரும்வரை சுருக்குங்கள். உதாரணத்துக்கு: "முதலாம் ஆண்டு நுண்ணியல் பொருளியலில் சமநிலை விலைப் பாடத்தை வகுப்பறைச் சந்தை விளையாட்டு மூலம் நடத்தினால், அதே பாடத்தை விரிவுரையாக மட்டும் கேட்டவர்களைவிட, மூன்று வாரம் கழித்து வைக்கும் தேர்வில் மாணவர்கள் கூடுதலாகச் சரியான விடை எழுதுகிறார்களா?" இது ஒருவர் ஒரு செமஸ்டரில் செய்து முடிக்கக்கூடிய வேலை.

இந்தச் சந்தை விளையாட்டை நான் உதாரணமாக எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. எட்வர்ட் சேம்பர்லின் ஹார்வர்டில் தன் மாணவர்களை வைத்து இதைச் செய்து 1948-ல் எழுதினார். அந்த வகுப்பில் மாணவராக உட்கார்ந்திருந்த வெர்னன் ஸ்மித் பிறகு அதை மாற்றியமைத்துத் தன் வகுப்புகளில் நடத்தி 1962-ல் வெளியிட்டார், 2002-ல் நோபல் பரிசே வாங்கினார். செலவும் கிடையாது. பாதிப் பேருக்கு 'இந்த விலைக்கு மேல் வாங்காதே' என்ற சீட்டு, மீதிப் பேருக்கு 'இந்த விலைக்குக் கீழ் விற்காதே' என்ற சீட்டு, பத்து நிமிடம் கூவி விற்கவும் பேரம் பேசவும் விடுங்கள், படிந்த விலைகளைப் பலகையில் வரிசையாக எழுதுங்கள். சீட்டுகளில் இருந்த எண்களை வைத்துத் தேவை வளைகோடும் அளிப்பு வளைகோடும் வரைந்தால், அவை வெட்டிக்கொள்ளும் இடத்துக்குப் பக்கத்தில்தான் பேரம் பெரும்பாலும் படிந்திருக்கும். முதல் சுற்றில் கொஞ்சம் சிதறும், அதே சீட்டுகளோடு இன்னும் இரண்டு சுற்று விட்டால் நெருங்கி வரும்.

எமர்சனும் டெய்லரும் 2004-ல் இப்படிப்பட்ட பரிசோதனைகளோடு நடத்திய வகுப்புகளையும் விரிவுரை வகுப்புகளையும் ஒப்பிட்டு, பரிசோதனை வகுப்புகளில் கற்றல் கூடியிருப்பதாகக் காட்டினார்கள். அங்கே அப்படி வந்தது, நம் வகுப்பில், அறுபது எழுபது பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கும் அறையில், தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகளிடம் என்ன வரும் என்பது உண்மையான கேள்விதான். ஏற்கெனவே ஒருவர் செய்ததைத் திரும்பச் செய்கிறோமே என்று தயங்க வேண்டாம், திரும்பச் செய்து பார்ப்பதற்கு இந்தத் துறையில் ஆள் குறைவு.

எதை வைத்து அளப்பது

புதியவர்கள் அதிகம் அவசரப்படும் இடம் இது. கையில் இருப்பது செமஸ்டர் மதிப்பெண், அதையே எடுத்துக்கொள்வோம் என்று தோன்றும். செமஸ்டர் தேர்வு பாடத்திட்டம் முழுவதற்கும் நடக்கிறது, நீங்கள் மாற்றியதோ ஒரு அலகில் ஒரு பகுதி. போன ஐந்து வருஷக் கேள்வித்தாளைப் பார்த்து மனப்பாடம் செய்தவரும் பாடம் புரிந்தவரும் அதில் ஒரே மதிப்பெண் வாங்க வாய்ப்பிருக்கிறது. இன்டெர்னல் மதிப்பெண் இன்னும் மோசம், அதில் அசைன்மென்ட், வருகை, ஆசிரியரின் இரக்கம் எல்லாம் கலந்திருக்கும்.

அமெரிக்காவில் இதற்காக 1960களின் இறுதியில் கல்லூரிப் பொருளியலுக்கென்று ஒரு பொதுத் தேர்வை உருவாக்கினார்கள். 'டெஸ்ட் ஆஃப் அண்டர்ஸ்டாண்டிங் இன் காலேஜ் எகனாமிக்ஸ்' என்பது அதன் பெயர், சுருக்கமாக 'டூஸ்' (TUCE) என்பார்கள். அதன் நான்காம் பதிப்பில் நுண்ணியலுக்கு 30, பேரியலுக்கு 30 என்று கொள்குறி வினாக்கள். ஏகப்பட்ட ஆய்வுகள் இதை வைத்துத்தான் நடந்திருக்கின்றன. அதை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்காதீர்கள், அந்த நாட்டு நிறுவனங்களையும் அந்த நாட்டுப் பாடத்திட்டத்தையும் ஒட்டி எழுதியது. அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள்: வரையறையைக் கேட்பதைவிட, ஒரு சூழலைக் கொடுத்து என்ன நடக்கும் என்று கேட்கும் வினாக்களுக்கு அதில் முக்கியத்துவம் அதிகம்.

வினா எழுதுவது எவ்வளவு கஷ்டமான வேலை என்பதற்கு ஃபெராரோவும் டெய்லரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. அமெரிக்கப் பொருளியல் அறிஞர்களின் ஆண்டு மாநாட்டுக்கு வந்தவர்களிடம் ஒரே ஒரு வினா கேட்டார்கள். எரிக் கிளாப்டன் கச்சேரிக்கு உங்களுக்கு இலவச டிக்கெட் கிடைத்திருக்கிறது, அதை விற்க முடியாது. அதே இரவில் பாப் டிலன் கச்சேரியும் இருக்கிறது, கிளாப்டனை விட்டால் நீங்கள் அடுத்துப் போக விரும்புவது அதற்குத்தான். டிலன் டிக்கெட் 40 டாலர், டிலனைக் கேட்க நீங்கள் அதிகபட்சம் 50 டாலர் வரை கொடுப்பீர்கள், வேறு செலவு எதுவும் இல்லை. கிளாப்டன் கச்சேரிக்குப் போவதன் வாய்ப்புச் செலவு எவ்வளவு? 0, 10, 40, 50 என நான்கு விடைகள். சரியான விடை 10 டாலர், ஏனென்றால் நீங்கள் இழப்பது 50 டாலர் மதிப்புள்ள ஒன்றை 40 கொடுத்துப் பெறுவதில் மிஞ்சும் அந்தப் பத்தைத்தான். பதில் சொன்ன 199 பேரில் சரியாகச் சொன்னவர்கள் 21.6 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலே 25 சதவீதம் வரவேண்டும். மாணவர்களிடமும் கேட்டிருந்தார்கள், பொருளியல் படித்தவர்களில் 7.4 சதவீதமும் படிக்காதவர்களில் 17.2 சதவீதமும் சரியாகச் சொன்னார்கள்.

இதை வைத்துப் பொருளியல் கற்பித்தலே வீண் என்று சிலர் எழுதினார்கள். பாட்டரும் சாண்டர்ஸும் 2012-ல் பதில் எழுதினார்கள், வாய்ப்புச் செலவைக் கணக்கிட ஒன்றுக்கு மேற்பட்ட முறை இருக்கிறது, எந்த முறையை எடுப்பது என்பதைப் பொறுத்து மற்ற விடைகளுக்கும் நியாயம் சொல்லலாம் என்று. எனக்கு இதில் யார் ஜெயித்தார்கள் என்பது முக்கியமில்லை. ஒரு வினாவை வைத்து 'புரிந்தது, புரியவில்லை' என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், அந்த வினா உண்மையில் எதைக் கேட்கிறது என்று சோதித்துப் பார்க்கும் பொறுப்பு நமக்கு இருக்கிறது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். எடுத்துக்கொண்ட பகுதிக்கு முப்பது வினா எழுதுங்கள். உங்கள் பாடத்தை அறிந்த சக ஆசிரியர் இருவரிடம் விடை சொல்லாமல் கொடுங்கள், அவர்கள் இருவருக்கும் விடை ஒத்துப்போகாத வினாவை எடுத்துவிடுங்கள். அப்புறம் போன வருஷம் படித்த ஐந்தாறு மாணவர்களை உட்காரவைத்து, ஏன் அந்த விடையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். தவறான காரணத்துக்காகச் சரியான விடை வந்துவிடும் வினாக்கள் நிறைய அகப்படும். கழித்துக் கட்டியதுபோக இருபது மிஞ்சினால் போதும். வகுப்பில் தமிழ் வழியில் வந்தவர்களும் ஆங்கில வழியில் வந்தவர்களும் கலந்திருந்தால், டிஎன்பிஎஸ்சி தாளில் இருப்பதுபோல ஒவ்வொரு வினாவும் இரண்டு மொழியிலும் இருக்கட்டும், இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது ஆங்கிலத்தைத்தான்.

பாடத்துக்கு முன் ஒரு தேர்வு, பின் ஒரு தேர்வு கட்டாயம். முடிந்தால் சில வாரம் கழித்து மூன்றாவது. மூன்றாவதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், கேரலும் வெஸ்டும் 2010-ல் அமெரிக்க விமானப்படைக் கல்லூரித் தரவை வைத்துச் செய்த ஆய்வில், நடப்புப் பாடத்தில் மாணவர்களின் மதிப்பெண்ணை உயர்த்திய ஆசிரியர்கள் மாணவர்களிடம் நல்ல மதிப்பீடும் வாங்கினார்கள், ஆனால் அவர்களிடம் படித்தவர்கள் அடுத்த நிலைப் பாடங்களில் சராசரியாகப் பின்தங்கினார்கள். அது கணிதப் பாடம், ஆனாலும் எச்சரிக்கை நமக்கும் பொருந்தும். 'வகுப்பு உங்களுக்குப் பிடித்திருந்ததா' என்ற கருத்துப் படிவத்தைச் சேர்ப்பதில் தப்பில்லை, அதைக் கற்றலுக்கு அளவுகோலாக மட்டும் வைக்காதீர்கள்.

தேர்வுக்கு மதிப்பெண் எதுவும் கிடையாது என்று சொன்னால் பலர் ஏனோதானோ என்று கிறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். விளையாட்டு, விரிவுரை என்ற இரண்டு தரப்புக்கும் ஒரே மாதிரி இருக்கும்படி, பின் தேர்வை இன்டெர்னலில் ஒரு சிறு பங்காகச் சேர்க்கத் துறைத் தலைவரிடம் கேட்டுப் பாருங்கள்.

யாரோடு ஒப்பிடுவது

இந்த ஒன்று சரியாக அமைந்துவிட்டால் மற்றதில் சின்னக் குறைகள் இருந்தாலும் ஆய்வு நிற்கும். இது தவறினால் எவ்வளவு பெரிய ரெக்ரஷன் போட்டாலும் நிற்காது.

வருகையும் மதிப்பெண்ணும் என்ற பழைய கேள்வியை வைத்துச் சொல்கிறேன், ஒப்பீடு எப்படிப் படிப்படியாகக் கூர்மையானது என்பது அதில் நன்றாகத் தெரியும். 1993-ல் டேவிட் ரோமர் எழுதிய கட்டுரை பெரிய விவாதத்தைக் கிளப்பியது. பொருளியல் வகுப்புகளில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாணவர்கள் வருவதே இல்லை என்றும், வருகிறவர்கள் வராதவர்களைவிட நல்ல கிரேடு வாங்குகிறார்கள் என்றும் அவர் காட்டினார். சரி, ஆனால் வகுப்புக்கு ஒழுங்காக வருகிறவர் யார்? ஆர்வம் உள்ளவர், வீட்டிலும் படிக்கிறவர். அவர் வராமல் இருந்திருந்தாலும் ஓரளவு நல்ல மதிப்பெண்தான் வாங்கியிருப்பார். ரோமருக்கும் இது தெரியும், அதனால்தான் வருகையைக் கட்டாயமாக்கிப் பரிசோதித்துப் பார்க்கலாமே என்று எழுதினார்.

மார்பர்கர் 2001-ல் வேறு வழி பார்த்தார். ஒவ்வொரு மாணவரும் எந்தெந்த நாள் வரவில்லை, அந்த நாளில் நடந்த பாடத்திலிருந்து வந்த வினாவுக்கு என்ன எழுதினார் என்று பொருத்திப் பார்த்தார். வராத நாளின் வினாக்களில் தவறு கூடியது. கடைசியில் டாப்கின், கில், மரியன் மூவரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வு, கலிஃபோர்னியாவில் சாந்தா குரூஸ் பல்கலைக்கழகத்தின் பெரிய பொருளியல் வகுப்புகளில் நடந்தது. நடுத் தேர்வில் இடைநிலை மதிப்பெண்ணுக்கு (வகுப்பைச் சரிபாதியாகப் பிரிக்கும் மதிப்பெண்ணுக்கு) கீழே வாங்கியவர்கள் மட்டும் இனி வகுப்புக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று விதித்தார்கள். அந்தக் கோட்டுக்கு ஒரு மதிப்பெண் கீழே இருப்பவரும் ஒரு மதிப்பெண் மேலே இருப்பவரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரியானவர்கள், ஆனால் ஒருவர் வந்தாக வேண்டும், மற்றவர் விருப்பப்பட்டால் வரலாம். அந்த இருவரின் இறுதித் தேர்வை ஒப்பிட்டபோது, வருகை 10 சதவீதப் புள்ளி கூடினால் மதிப்பெண் 0.17 திட்ட விலக்க அளவு (திட்ட விலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) கூடுவதாக வந்தது. ஆர்வமுள்ளவர்தான் வருகிறார் என்ற ஆட்சேபம் இங்கே எடுபடாது.

இதைப் படித்ததும் நம்மவர்களுக்கு உடனே ஒரு யோசனை வரும்: நமக்குத்தான் 75 சதவீத வருகை விதி இருக்கிறதே, 74-ல் இருப்பவரையும் 76-ல் இருப்பவரையும் ஒப்பிடலாமே என்று. வேண்டாம். நடுத் தேர்வின் இடைநிலை எங்கே விழும் என்று யாருக்கும் முன்கூட்டியே தெரியாது. 75 என்பது எல்லோருக்கும் முதல் நாளிலேயே தெரிந்த கோடு, மாணவர்கள் அதைக் கணக்குப் போட்டுத்தான் லீவே எடுக்கிறார்கள், கடைசி வாரத்தில் பதிவேட்டில் இரண்டு மூன்று நாள் கூட்டிப் போடும் பழக்கமும் பல இடங்களில் உண்டு. எனவே கோட்டின் இரண்டு பக்கமும் இருப்பவர்கள் ஒரே மாதிரியானவர்கள் கிடையாது. வருகையை ஆய்வு செய்வதென்றால் அலுவலகப் பதிவேட்டை நம்பாமல், சொல்லாமல் கொள்ளாமல் சில நாட்களைத் தேர்ந்தெடுத்து நீங்களே சீட்டுக் கொடுத்து எண்ணுங்கள், அந்தச் சீட்டு பதிவேட்டுக்குப் போகாது என்பதை மாணவர்களிடம் சொல்லியும் விடுங்கள்.

இதேபோல நம் கல்லூரிகளுக்கே உரிய வேறு சில பொறிகளும் இருக்கின்றன. ஷிஃப்ட் ஒன்றையும் ஷிஃப்ட் இரண்டையும் ஒப்பிடுவது அதில் ஒன்று, கட்டணம் வேறு, சேர்க்கை கட்-ஆஃப் வேறு, மதியம் வருபவர்களில் காலையில் வேலைக்குப் போய்விட்டு வருபவர்கள் இருப்பார்கள். ஏ செக்ஷன் பி செக்ஷன் கூடச் சில இடங்களில் மொழிப்பாடத்தை வைத்தோ சேர்க்கை வரிசையை வைத்தோ பிரித்திருப்பார்கள், எப்படிப் பிரித்தார்கள் என்று அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய பொறி 'ஸ்லோ லேர்னர்ஸ்' பட்டியல். முதல் தேர்வில் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களைப் பிரித்து, ரெமெடியல் வகுப்பு நடத்தி, இரண்டாவது தேர்வில் அவர்கள் மதிப்பெண் ஏறிவிட்டது என்று நாக் (NAAC) தர மதிப்பீட்டுக் கோப்பில் ஆதாரமாக வைக்கிறோம். யோசித்துப் பாருங்கள், முதல் தேர்வன்று காய்ச்சலில் வந்தவர், தெரியாத வினாவே வரிசையாக வந்து மாட்டிக்கொண்டவர் என்று அன்றைய துரதிர்ஷ்டத்தால் கீழே போனவர்களும் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். அவர்களுக்கு எந்த வகுப்பும் நடத்தாமல் விட்டிருந்தாலும் அடுத்த தேர்வில் சராசரி ஏறத்தான் செய்யும். அதே காரணத்தால் முதல் தேர்வில் உச்சத்தில் இருந்தவர்களின் சராசரி இறங்கும். ரெமெடியல் வகுப்பால் பலன் இல்லை என்று நான் சொல்லவில்லை, அந்த உழைப்புக்கு மரியாதை கிடைக்க வேண்டுமென்றுதான் சொல்கிறேன்: பட்டியலில் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு இந்த மாதம், மீதிப் பேருக்கு அடுத்த மாதம் என்று குலுக்கல் போட்டுப் பிரியுங்கள், நடுவில் ஒரு தேர்வு வையுங்கள், அப்போது வருவது உண்மையான பலன். யாரையும் நிரந்தரமாக விட்டுவிடவும் இல்லை.

சந்தை விளையாட்டு உதாரணத்துக்கும் இந்த மாதிரி ஒரு அமைப்பைத்தான் சிபாரிசு செய்வேன். இரண்டு செக்ஷன், இரண்டு பாடம். சமநிலை விலையை ஏ செக்ஷனுக்கு விளையாட்டாகவும் பி செக்ஷனுக்கு விரிவுரையாகவும் நடத்துங்கள். அடுத்து விலை உச்சவரம்பு வரும்போது மாற்றுங்கள், பி-க்கு விளையாட்டு, ஏ-க்கு விரிவுரை. எந்த செக்ஷன் எதில் தொடங்குவது என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். ஏ செக்ஷன் பொதுவாகவே கெட்டிக்கார செக்ஷன் என்றால் அந்தச் சாதகம் இரண்டு பாடத்திலும் இருக்கும், விளையாட்டின் விளைவு மட்டும் இடம் மாறும். இரண்டு தரப்புக்கும் விளையாட்டு கிடைத்துவிடுவதால் பிள்ளைகளிடமும் வருத்தம் இருக்காது. இரண்டையும் ஒரே ஆசிரியர் ஒரே மணிக்கணக்கில் நடத்துவது முக்கியம், விளையாட்டுக்கு மூன்று மணி நேரமும் விரிவுரைக்கு ஒரு மணி நேரமும் கொடுத்தால் கூடுதல் நேரத்தின் பலனை விளையாட்டின் பலனாக எழுதிவிடுவீர்கள்.

எத்தனை பேர் வேண்டும்

இதை முன்னாலேயே கணக்குப் போடுங்கள், முடிவு வந்தபிறகு போட்டால் பிரயோஜனம் இல்லை. இரண்டு தரப்புக்கும் நடுவே அரைத் திட்ட விலக்க அளவு வித்தியாசத்தை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க, வழக்கமான 5 சதவீத முக்கியத்துவ மட்டத்தில் (உண்மையில் வித்தியாசமே இல்லாதபோது இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு 5 சதவீதம்), தரப்புக்கு 64 பேர் வேண்டும். வித்தியாசம் 0.2 அளவுதான் என்றால் தரப்புக்கு ஏறத்தாழ 393 பேர். கற்பித்தல் ஆய்வுகளில் உண்மையான விளைவுகள் பெரும்பாலும் இந்தச் சின்னப் பக்கத்தில்தான் வருகின்றன. வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் பொருளியல் அறிமுகப் பாடத்தில் லேப்டாப் அனுமதித்த வகுப்புகளையும் அனுமதிக்காத வகுப்புகளையும் ஒப்பிட்டபோது இறுதித் தேர்வில் கிடைத்த இழப்பு 0.18 திட்ட விலக்கம். நியூயார்க்கில் பரூக் கல்லூரியில் 725 மாணவர்களைக் குலுக்கல் முறையில் வாரம் இரண்டு வகுப்பு, வாரம் ஒரு வகுப்பு என்று பிரித்துப் பார்த்ததில் வித்தியாசம் நூற்றுக்கு 2.3 மதிப்பெண்.

அறுபது பேர் வகுப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சோர்ந்துவிடாதீர்கள். முன் தேர்வு இங்கே பெரிய உதவி, முன் தேர்வுக்கும் பின் தேர்வுக்கும் ஒட்டுறவு (கோரிலேஷன்) 0.7 இருந்தால் தேவைப்படும் எண்ணிக்கை கிட்டத்தட்ட பாதியாகும். மேலே சொன்ன மாற்றி மாற்றி நடத்தும் முறையில் ஒவ்வொரு மாணவரும் தனக்குத் தானே ஒப்பீடாக இருப்பதால் இன்னும் குறையும். அடுத்த வருஷமும் இதையே நடத்திச் சேர்த்தால் எண்ணிக்கை தானாக ஏறும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: முழு செக்ஷனையும் ஒரு முறைக்கு ஒதுக்கும்போது, அன்றைக்கு அந்த வகுப்பில் நடந்த எதுவும் மொத்தப் பேரையும் பாதிக்கும். 120 மாணவர்கள் இருக்கிறார்கள் என்பதால் 120 தனித்தனி சாட்சிகள் இருப்பதாக எண்ணிக் கணக்குப் போட்டால் முடிவு தேவைக்கு மேல் உறுதியாகத் தெரியும்.

அனுமதியும் நாணயமும்

கல்லூரியில் நெறிமுறைக் குழு இருந்தால் அதனிடமும், இல்லாவிட்டால் முதல்வரிடம் எழுத்து மூலமாகவும் அனுமதி வாங்குங்கள், ஆரம்பிப்பதற்கு முன்னால். மாணவர்களிடம் சம்மதம் கேட்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள், மதிப்பெண் போடுகிறவர் கேட்டால் எந்தப் பிள்ளையும் மாட்டேன் என்று சொல்லாது. அதனால் சம்மதப் படிவத்தை வேறொரு ஆசிரியர் வாங்கி, செமஸ்டர் ரிசல்ட் வரும்வரை தன்னிடமே வைத்திருக்கட்டும். யார் சம்மதித்தார், யார் மறுத்தார் என்பது அதுவரை உங்களுக்குத் தெரியக் கூடாது. பதிவு எண்ணுக்குப் பதிலாக ஒரு குறியீடு கொடுத்து, இரண்டையும் பொருத்தும் தாளும் அவரிடமே இருக்கட்டும்.

கணக்குப் போடும்போது

ஜிரெட்டல், ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டும் இலவசம், இந்த அளவு வேலைக்கு எக்செல்கூடப் போதும். முதலில் யார் யார் இரண்டு தேர்வும் எழுதினார்கள், யார் ஒன்றை மட்டும் எழுதினார்கள் என்று ஒரு அட்டவணை போடுங்கள். நடுவில் விட்டுப்போனவர்களை மறைத்துவிட்டால் முடிவே தலைகீழாகலாம். வகுப்பின் அளவு கற்றலைப் பாதிக்கிறதா என்ற கேள்வியில் பெக்கரும் பவர்ஸும் 2001-ல் இதைத்தான் காட்டினார்கள்: செமஸ்டர் கடைசியில் மிஞ்சிய எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் தெரியாத பாதிப்பு, ஆரம்பத்தில் சேர்ந்த எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் தெரிந்தது.

பின் தேர்வு மதிப்பெண்ணை விளக்கும் மாறிகளாக முன் தேர்வு, ப்ளஸ் டூ மதிப்பெண், பள்ளியில் கணிதம் படித்தாரா, எந்த வழியில் படித்தார், ஆணா பெண்ணா, எந்த செக்ஷன் ஆகியவற்றைச் சேருங்கள். கணிதத்தை நான் விடாப்பிடியாகச் சொல்வதற்குக் காரணம், பல்லார்டும் ஜான்சனும் 2004-ல் மிச்சிகனில் செய்த ஆய்வில், சாதாரணக் கணக்குகள் கொண்ட ஒரு சின்னத் தேர்வின் மதிப்பெண்ணே நுண்ணியல் மதிப்பெண்ணோடு வலுவாகச் சேர்ந்து வந்தது. நம் பொருளியல் வகுப்புகளில் ப்ளஸ் டூவில் கணிதமே எடுக்காதவர்கள் நிறையப் பேர், சாய்வு என்றாலே முகம் மாறும். பத்து நிமிடத்தில் எழுதக்கூடிய பின்னம், சதவீதம், நேர்கோட்டுச் சாய்வு வினாக்களை முதல் வாரமே வையுங்கள். ஆய்வுக்கு ஆகாவிட்டாலும் நடத்துவதற்கு உதவும்.

மொத்த மதிப்பெண்ணோடு நிற்காமல் வினா வினாவாகவும் பாருங்கள். வால்ஸ்டாடும் வாக்னரும் 2016-ல் சொன்ன முறை எளிமையானது, ஆசிரியருக்கு நேரடியாகப் பயன்படுவது. ஒரு வினாவை 60 பேர் எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம், முன் தேர்வில் 24 பேர் சரி, பின் தேர்வில் 36 பேர் சரி. 12 பேர் கற்றுக்கொண்டார்கள் என்றுதான் தோன்றும். உள்ளே பிரித்துப் பார்த்தால் முன்பு தவறாக எழுதியவர்களில் 20 பேர் சரியாக்கியிருக்கலாம், முன்பு சரியாக எழுதியவர்களில் 8 பேர் இப்போது தவறாக்கியிருக்கலாம், 16 பேர் இரண்டிலும் சரி, 16 பேர் இரண்டிலும் தவறு. அந்த 8 பேர் யார்? சிலர் முதலில் குருட்டாம்போக்கில் சரியாக எழுதியவர்கள், சிலரை நம் வகுப்பே குழப்பியிருக்கிறது. இரண்டு தரப்பிலும் இந்த எட்டு எப்படி மாறுகிறது என்று பார்ப்பது சராசரியைப் பார்ப்பதைவிட எனக்கு அதிகம் சொல்லிக்கொடுக்கிறது.

எழுதி அனுப்புவது

வகுப்பில் செய்ததை இன்னொருவர் அப்படியே திரும்பச் செய்யும் அளவுக்கு எழுதுங்கள்: எத்தனை நிமிடம், சீட்டுகளில் என்ன எண்கள், விளையாட்டு முடிந்தபின் எவ்வளவு நேரம் பேசினீர்கள். விளைவைத் திட்ட விலக்கத்திலும் சொல்லுங்கள், இருபதுக்கு எத்தனை மதிப்பெண் என்றும் சொல்லுங்கள், பிழை எல்லையோடு. வித்தியாசமே இல்லை என்று வந்தாலும் அனுப்புங்கள். வாட்ஸும் பெக்கரும் 1995-லிருந்து ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எடுத்த கணக்கெடுப்புகளில் அமெரிக்கப் பொருளியல் வகுப்பு நேரத்தில் பெரும்பகுதி விரிவுரையாகவே தொடர்ந்தது. ஆசிரியர்கள் முறையை மாற்ற வேண்டுமா என்று முடிவெடுக்க, பலன் கிடைத்த இடம், கிடைக்காத இடம் இரண்டும் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

ஆரம்பத்தில் சொன்ன இதழ் தவிர, 'இன்டர்நேஷனல் ரிவ்யூ ஆஃப் எகனாமிக்ஸ் எஜுகேஷன்' என்ற இதழும் இந்தத் துறைக்கென்றே இருக்கிறது. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் போடுகிறோம் என்று மெயில் அனுப்பும் இதழ்களுக்குப் பதவி உயர்வுக் கணக்குக்காகக் கொடுத்துவிடாதீர்கள், ஒரு செமஸ்டர் முழுக்க நீங்களும் அத்தனை மாணவர்களும் கொடுத்த நேரம் அது. அனுப்புவதற்கு முன் வேறு கல்லூரியில் அதே பாடம் நடத்தும் ஒருவரிடம் வரைவையும் கேள்வித்தாளையும் சீட்டுகளையும் கொடுத்து, அடுத்த செமஸ்டரில் அவர் வகுப்பிலும் நடத்திப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால் கட்டுரையை ஆறு மாதம் தள்ளிப்போடலாம், இரண்டு கல்லூரித் தரவோடு அது வேறு தரத்தில் இருக்கும்.